ஒன்பது திரைகளும் ஒரு ‘வா’வும்

ஆடி 9, வெள்ளி

நகைக்கடையில் கொடுத்த இந்த டைரி தை மாதத்திலிருந்து மேசை இழுப்பறையில் சும்மா கிடந்தது. கல்யாண மண்டப மேலாளருக்கு எழுதிவைக்க என்ன இருக்கிறது? முகூர்த்தம் வந்தால் வேலை, ஆடி வந்தால் வௌவால் விரட்டல். இன்று முதல் தேதிவாரியாகக் குறிப்பு வைக்கச் சொல்லி முதலாளி உத்தரவு. வேலை என்றைக்கு ஆரம்பித்தது, யார் வந்தார்கள், யார் தாமதம் என்று எல்லாம் இருக்க வேண்டுமாம். இந்தச் செண்பகராமன் கையெழுத்து அச்சுப் போல இருக்கும் என்பது சங்கரன்கோவில் முழுக்கத் தெரிந்ததுதான்.

ராஜபாளையம் ரோட்டில் புதிதாக வந்திருக்கும் மண்டபத்தில் மேடைக்குப் பக்கத்தில் பெரிய திரை வைத்திருக்கிறார்கள். கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தாலி முடிச்சு தெரிகிறதாம். அதைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து முதலாளிக்கு இருப்புக் கொள்ளவில்லை. நம் பூரணம் மஹாலில் ஒன்பது திரைகளை வரிசைக்கு மூன்றாக மூன்று வரிசை அடுக்கி, ஒரே பெரிய படமாகத் தெரிய வைக்க ஏற்பாடு செய்துவிட்டார். வீடியோ வால் என்று பெயர். கூட்டித் துடைக்கும் பேச்சியம்மாள், “ஒரு டிவியில தெரியாதது ஒம்பது டிவியில என்ன தெரியப்போவுது?” என்று கேட்டாள். நல்லவேளை, முதலாளி காதில் விழவில்லை.

ஆவணி 13 வெள்ளிக்கிழமைக்குள் வேலை முடிய வேண்டும். ஆடி கழிந்து மண்டபத்தில் முதல் முகூர்த்தம் அன்றைக்குத்தான். அது என் மகள் சங்கரியின் கல்யாணம். “உம்ம வீட்டு விசேஷந்தான்வே அதுல மொத படம்” என்றார் முதலாளி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம், திரை பொருத்த வரும் ஆள் யார் என்று சொன்னார். கலங்கிய கண் காய்ந்துவிட்டது.

கோவில்பட்டி உச்சிமாகாளி. என் மனைவி ஆவுடையின் கூடப்பிறந்த தம்பி. எனக்கும் அவனுக்கும் ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. “நல்ல வேலைக்காரன்” என்று மட்டும் சொன்னேன். அதுகூட முதலாளி கேட்டதால்.

ஆடி 11, ஞாயிறு

பிற்காலத்தில் இதைப் படிப்பவர்கள் என்னைத் தப்பாக நினைக்கக் கூடாது என்பதால் காரணத்தையும் எழுதிவிடுகிறேன்.

ஆறு வருடத்துக்கு முன் மாகாளி கோவில்பட்டியில் எலக்ட்ரிக் கடை திறந்தான். வாசலுக்குக் குறுக்கே சொந்தக்காரர்கள் படம் போட்டு ஒரு பேனர். நடுநாயகமாக நான். பேனர் இரண்டு துண்டாக அச்சடித்து ஒட்டியது. ஒட்டு சரியாக என் மூஞ்சியில் வந்தது. அதுவும் நாலு விரற்கடை ஏறுக்குமாறாக. எனக்கு ஒன்றரை மூக்கு. வந்தவர்கள் எல்லாரும் பேனரைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், பிறகு காப்பி குடிக்கப் போனார்கள். விளக்கேற்றுகிற நேரத்தில் அந்தப் பேனர் அறுந்து குத்துவிளக்கு மேலேயே விழுந்தது. காற்றில் விழுந்தது என்று மாகாளியே எல்லார் முன்னாலும் சொன்னான். சொன்னவன் அன்றிலிருந்து என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அவன் பேசாதபோது நான் ஏன் பேச வேண்டும்?

இருந்தும் நான் முறை தவறவில்லை. பத்திரிகையில் ‘தாய்மாமன்’ என்று தனி வரி போட்டு அவன் பெயரை அச்சடித்து, வெற்றிலை பாக்கோடு ஆவுடையிடம் கொடுத்தனுப்பினேன். நாலு மணி பஸ்ஸில் திரும்பி வந்தாள். பத்திரிகையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டானாம். பிறகு சொன்னானாம்: “வேலைக்கு முதலாளி கூப்பிட்டாரு, வாரேன். கல்யாணத்துக்கு அத்தான் அவுக வாயால ‘வா’ன்னு ஒரு சொல்லு சொல்லட்டும். வாரேன்.”

எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கைப்பிடித்து மணவறைக்குக் கூட்டிவருவது தாய்மாமன்தான். மாமா வராவிட்டால் அறையை விட்டே இறங்க மாட்டேன் என்கிறாள் சங்கரி. ஒன்றுவிட்ட மாமன் யாரையாவது பிடித்துக்கொள்ளலாம் என்றேன். ஆவுடை கரண்டியைக் கீழே வைத்தாள். ராத்திரிக்குத் தயிர்ச் சோறு, ஊறுகாய்.

ஆடி 15, வியாழன்

ஒன்பது பெட்டிகள் வந்து இறங்கின. மாகாளியும் வந்தான். தலை பாதிக்கு மேல் நரைத்திருக்கிறது. நாற்பது வயதுக்கு இவ்வளவு நரைக்குமா? ஆவுடை என்னிடம் சொல்லவே இல்லை.

முதலாளிக்கு வணக்கம் சொன்னான். என் பக்கம் திரும்பியவன் எனக்குப் பின்னால் தொங்கிய தீயணைப்பு வாளியைப் பார்த்தபடி நின்றான். நான் அவன் செருப்பைப் பார்த்தபடி நின்றேன். பேச்சியம்மாள் துடைப்பத்தை ஓரமாகச் சாத்திவிட்டு இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றாள். நிலவரம் அவளுக்குப் புரிந்துவிட்டது.

மாகாளி அவளிடம், “இந்தச் செவுத்துல ஈரம் உண்டான்னு கேளுங்கக்கா” என்றான்.

அவள் என்னிடம், “அண்ணாச்சி, செவுரு ஒழுகுதாம். மண்டபத்த இப்படியா வச்சிருப்பாவன்னு கேக்காவ” என்றாள்.

வெள்ளையடித்து ஒரு வருடம்தான் ஆகிறது, ஈரம் கிடையாது என்று சொல்லச் சொன்னேன். அவள் அவனிடம் திரும்பி, “செவுத்தப் பத்தி ஒனக்கென்ன, ஒஞ்சோலியப் பாருன்னு சொல்லுதாவ தம்பி” என்றாள்.

எங்கள் இருவருக்கும் நடுவில் மூன்றடிதான். அவன் சொன்னது எனக்கும் நான் சொன்னது அவனுக்கும் தெளிவாகக் கேட்டது. ஆனாலும் இரண்டு பேருமே பேச்சியம்மாள் சொன்னதற்குத்தான் கோபப்பட்டோம்.

ஆடி 18, ஞாயிறு

ஆடிப்பெருக்கு என்பதால் பெட்டி பிரிக்கலாம் என்று ஜோசியர் அனுமதி. முதலாளி தேங்காய் உடைத்தார். ஒன்பது திரைகளுக்கும் நானே சந்தனமும் குங்குமமும் வைத்தேன். ஒவ்வொன்றிலும் கீழ் விளிம்பின் நடுவில் பொட்டு வைக்கத் தோதாகச் சின்னதாகக் கறுப்பு வட்டம் ஒன்று விட்டிருந்தார்கள். வெளிநாட்டுக்காரனுக்கும் நம் வழக்கம் தெரிந்திருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

ரிமோட்டுக்கு அதுதான் கண்ணாம். அதை அடைத்தால் திரைக்கு ஒன்றும் தெரியாதாம். பேச்சியம்மாள் மூலம் இந்தத் தகவல் என்னிடம் வரும்போது ‘கண்ணக் குத்திப்புட்டாவ’ என்று வந்தது. மாகாளி ஒவ்வொரு பொட்டாகத் துடைத்தான். கடைசிப் பொட்டைத் துடைக்கும் முன் விரலில் தொட்டுத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டான்.

ஆடி 20, செவ்வாய்

இரும்புச் சட்டம் சுவரில் ஏறிவிட்டது. ரசமட்டம் வைத்து வைத்துப் பார்க்கிறான். ஒரு திரை மயிரிழை இறங்கினாலும் ஒன்பதும் கோணலாகத் தெரியுமாம். ஒரே திருகை ஒன்பது தடவை தளர்த்தி முடுக்கினான். இந்தப் பொறுமை அன்றைக்குப் பேனர் ஒட்டினவனுக்கு இருந்திருக்கலாம்.

மத்தியானம் ஆவுடை தூக்குச்சட்டியில் சாப்பாடு கொண்டுவந்தாள். அவனுக்குக் கருவாட்டுக் குழம்பு, எனக்குத் தயிர்ச் சோறு. தூக்குச்சட்டி ஒன்றுதான், அடுக்கு வேறு.

ஆடி 22, வியாழன்

இன்று ஆடித்தபசு. ஊரே கோவிலில். பேச்சியம்மாள் இரண்டு நாள் லீவு. வேலை நிற்கக் கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டதால் அத்தனை பெரிய மண்டபத்தில் நானும் அவனும் மட்டும். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை ஒரு வார்த்தை கிடையாது. அவன் ஏணியில் ஏறினால் நான் போய் ஏணியைப் பிடித்துக்கொள்வேன். இறங்கினால் விட்டுவிடுவேன். விழுந்து தொலைத்தால் போலீஸ், விசாரணை என்று மண்டபத்துக்குத்தானே கெட்ட பெயர்.

ஆடி 23, வெள்ளி

இன்று சாடையாகப் பேச ஆரம்பித்தோம். ஆரம்பித்தது அவன்தான் என்பதைக் குறித்துவைக்கிறேன்.

ஒன்பது திரைகளும் மாட்டியாகிவிட்டது. திரைகளுக்கும் சுவருக்கும் நடுவில் ஒன்றரை அடிச் சந்து. ஒவ்வொரு திரையின் முதுகிலிருந்தும் ஒரு வயர் சந்து வழியாகப் போய், சுவரைத் துளைத்து, பின்னாலிருக்கும் ஸ்டோர் ரூமுக்குப் போகிறது. அங்கே ஒரு கன்ட்ரோல் பெட்டி. ஒரு படத்தை ஒன்பதாக நறுக்கி ஆளுக்கு ஒரு துண்டு கொடுப்பது அந்தப் பெட்டிதான். எந்த வயர் எந்தத் திரையுடையது என்று நுனியில் எண் ஒட்ட வேண்டும்.

மாகாளி ஏணியைப் பார்த்து, “கையெழுத்து நல்லாருக்கவங்க யாராச்சும் ஒம்பது வயருக்கும் வரிசையா நம்பர் போட்டா உதவியாருக்கும்” என்றான்.

நான் தூணைப் பார்த்து, “போட்டாப் போச்சு” என்றேன்.

அவன் ஸ்டோர் ரூமுக்குப் போய்விட்டான். நான் காகிதம், பசை, பேனாவோடு சந்துக்குள் நுழைந்தேன். அங்கே போனபிறகுதான் ஒரு சந்தேகம். வரிசையாக என்றால் எந்த வரிசை? போய்க் கேட்டிருக்கலாம். ஆனால் ஸ்டோர் ரூமில் தூண் இல்லை. நேராக அவனைத்தான் பார்த்துக் கேட்க வேண்டும்.

யோசித்தேன். ஒன்பது. மும்மூன்றாக மூன்று வரிசை. இதற்கு நம் பெரியவர்கள் ஏற்கனவே வரிசை போட்டுத்தானே வைத்திருக்கிறார்கள்? நடுவில் சூரியன், ஒன்று. தென்கிழக்கில் சந்திரன், இரண்டு. தெற்கில் செவ்வாய், மூன்று. இப்படியே வடமேற்கில் கேது ஒன்பது வரைக்கும், முன்னால் நின்று பார்க்கிறவருக்கு மேல்பக்கம் வடக்கு என்று கணக்கு வைத்து, அழகாக எழுதி ஒட்டினேன். மகள் கல்யாணத்துக்கு நவக்கிரகமும் காவல் நிற்கட்டும் என்று நினைத்தபோது மனசுக்கு நிறைவாக இருந்தது.

ஆடி 27, செவ்வாய்

சோதனை ஓட்டம். முதலாளி குடும்பத்தோடு வந்திருந்தார். முதல் படமாக அவருடைய காலஞ்சென்ற தகப்பனார், மண்டபத்துக்கு அடிக்கல் நாட்டிய அன்று குடை பிடித்து நிற்கும் முழு உருவப் படம். முதலாளி மாலையும் கையுமாக நின்றார். மாகாளி பெட்டியைத் தட்டினான். பெரியவர் தெரிந்தார்.

முகம் கீழே வலது மூலையில். பாதங்கள் கீழே இடது மூலையில். நெஞ்சும் வயிறும் மேலே உச்சியில். நட்டநடுவில், அதாவது சூரியன் இருக்கும் இடத்தில், வெறும் ஆகாயமும் ஒரு தென்னை ஓலையும். குடைக் காம்பும் அதைப் பிடித்த கையும் மட்டும் சரியான இடத்தில் இருந்தன. கிழக்கே ஆறாம் எண்ணில் இருந்த சுக்கிரன் கைவிடவில்லை.

மாலையை எங்கே போடுவது என்று முதலாளிக்குத் தெரியவில்லை. கழுத்து எந்தத் திரையிலும் இல்லை. அவர் மாமியார், “சம்பந்தி ஏன் இப்படிக் கெடக்காவ?” என்று அழ ஆரம்பித்துவிட்டார்.

முதலாளி மாகாளியைப் பிடித்துக்கொண்டார். அத்தனை பேர் முன்னால். எங்கப்பாவ வெட்டிப் போட்டுட்டியேடா என்றார். வேலை தெரியாதவன் ஏன் ஒத்துக்கொண்டாய் என்றார். கோவில்பட்டியில் பல்பு மாட்டப் போ என்றார். மாகாளி, நம்பர் பார்த்துத்தான் மாட்டினேன் முதலாளி என்றான். பெட்டிக்கு ஒன்று என்றால் மேலே இடது மூலை, அங்கிருந்து வரி வரியாக எழுதுகிற மாதிரி வரும் என்றான். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். ஆறு வருடத்தில் முதல் தடவையாக நேராகப் பார்த்தான். நான் தென்னை ஓலையைப் பார்த்தேன்.

“சரி, நான் மாத்திடுதேன் முதலாளி. என் தப்புதான்” என்றான்.

ஆடி 28, புதன்

எண்களைப் பற்றி என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஆடி 29, வியாழன்

சாயந்திரம் ஐந்தரை மணிக்குப் பூட்டப் போனேன். மண்டபத்தில் யாரும் இல்லை. திடீரென்று ஒன்பது திரைகளும் எரிந்தன. ஆளுயர எழுத்தில்:

‘அத்தான், ஒண்ணு எப்படி நடுவுல வந்துச்சு?’

ஸ்டோர் ரூமிலிருந்து தட்டுகிறான். எழுத்தெல்லாம் இப்போது அந்தந்த இடத்தில் கச்சிதமாக இருந்தது. நான் தூணிடம் உரக்கச் சொன்னேன்: “நவக்கிரகத்துல சூரியன் நடுவுலதான் இருப்பாரு.”

ஸ்டோர் ரூமுக்குள் ஏதோ சத்தம். இருமலா சிரிப்பா, தெரியவில்லை. சிரித்தால் அவனுக்குத் தோள் குலுங்கும். கல்யாணமான புதிதில் என்னோடு ஒரே ஸ்கூட்டரில் சுற்றுவான், பின்னால் உட்கார்ந்து சிரித்தால் வண்டியே ஆடும். இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. குறிப்பு மண்டப வேலைக்கானது.

மறுபடி எழுத்து வந்தது.

‘முதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்.’

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். உள்ளே அவன் இருந்தது பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது. திரும்பிப் போய்ப் போட்டுவிட்டு வந்தேன்.

ஆவணி 1, ஞாயிறு

கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள். சங்கரி இன்று என்னிடம் வந்து, “‘வா’ங்கது ஒரு எழுத்துதானப்பா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். ஆவுடை எதுவும் கேட்பதை நிறுத்திவிட்டாள். அது இன்னும் மோசம்.

ஆடி 11ஆம் தேதிக் குறிப்பில் ஒரு திருத்தம்.

பேனர் காற்றில் விழவில்லை. அன்றைக்குக் காற்றே இல்லை. ரிப்பன் வெட்ட வைத்திருந்த கத்தரிக்கோலை எடுத்துப்போய்க் கயிற்றை நான்தான் வெட்டினேன். ஓரமாகக் கழன்று தொங்கினால் போதும், என் மூக்கு மறைந்துவிடும் என்றுதான் நினைத்தேன். மொத்தமாக அறுந்து விளக்கின் மேல் விழுந்து, விளக்கு சாய்ந்து, எண்ணெய் கொட்டித் தீப்பிடித்து, சாமி படம் முதற்கொண்டு கருகிவிட்டது. திறக்கிற அன்றைக்கே விளக்கு சாய்ந்த கடை என்று கோவில்பட்டியில் இரண்டு வருடம் யாரும் படியேறவில்லை.

கத்தரிக்கோல் என் கையில் இருந்ததை மாகாளி பார்த்தான். அவன் மட்டும்தான் பார்த்தான். யார் வெட்டியது என்று அவன் பெரியப்பா கத்தியபோது, “காத்துதான் பெரியப்பா” என்றான்.

அவன் காட்டிக்கொடுத்திருந்தால் நான் அன்றைக்கே சண்டை போட்டு, மறுநாள் சமாதானமாகியிருப்பேன். அவன் காப்பாற்றிவிட்டான். அப்புறம் எந்த முகத்தோடு போய்ப் பேசுவது? கோபம் அவனுக்கு என்றுதான் ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எனக்கு வெட்கம். அவ்வளவுதான் விஷயம்.

ஆவணி 3, செவ்வாய்

காலையில் முதலாளி வீட்டுக்கே போய், எண் போட்டது நான்தான், மாகாளிமேல் தப்பில்லை என்று சொல்லிவிட்டேன். வேலை போனாலும் போகட்டும் என்று தயாராகத்தான் போனேன். ஏன் அப்படிப் போட்டீர் என்றார். நவக்கிரக வரிசையை விளக்கினேன்.

முதலாளி விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு, “ஜோசியரு என்ன சொல்லுதாரு? அப்படியே விட்டுட்டா மண்டபத்துக்கு நல்லதோ?” என்றார். உங்கள் அப்பா முகம் கீழே மூலையில்தான் இருக்கும் என்று நினைவூட்டினேன். யோசித்துவிட்டு வேண்டாம் என்றார்.

மத்தியானம் அவரே மண்டபத்துக்கு வந்து மாகாளி தோளில் கைவைத்து வருத்தம் தெரிவித்தார். நான் சொன்னதையும் சொல்லியிருக்கிறார். நான் அப்போது மாடி டேங்க்கில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கப் போயிருந்தேன். தண்ணீர் இருந்தது. ஒரு மணி நேரம் பார்த்தேன்.

ஆவணி 9, திங்கள்

வேலை முடிந்தது. பெரியவர் முழு உருவமாக, தலை மேலே கால் கீழே, பளிச்சென்று நிற்கிறார். மாலை போட்டாகிவிட்டது. மாகாளி திருகாணிகளையெல்லாம் ஒரு டப்பாவில் போட்டு, தரையைத் தானே கூட்டி, பையைத் தோளில் மாட்டினான். பேச்சியம்மாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அவன் வாசல்வரை போய் நின்றான். செருப்பை மாட்ட அவ்வளவு நேரம் யாருக்கும் ஆகாது. எனக்கு வாய் வரைக்கும் வந்தது. சத்தியமாக வந்தது. வந்து, “பஸ் நாலரைக்கு இருக்காம்” என்று தூணிடம் சொன்னேன்.

“தெரியும்னு சொல்லுங்கக்கா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

பேச்சியம்மாள் துடைப்பத்தைக் கீழே போட்டாள். “இதுக்குமேல என்னால முடியாது அண்ணாச்சி. எம்பேருதான் பேச்சி. ஒங்க ரெண்டு பேருக்கும் சேத்து நான் பேசிக்கிட்டு இருக்க முடியாது” என்றாள்.

ஆவணி 12, வியாழன்

மத்தியானம் மூன்று மணி. ஆறு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். பந்தல்காரர், சமையல்காரர், பூக்காரர் எல்லாரும் என்னைத் தேடுகிறார்கள். நான் திரைகளுக்குப் பின்னால் சந்துக்குள் நின்று இதை எழுதுகிறேன்.

கொஞ்ச நேரத்துக்கு முன் மணமகள் அறைக் கதவைத் தாண்டினேன். சங்கரி மருதாணிக் கையை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாளைக்கு யார் கையைப் பிடித்துக் கூட்டிவருவது என்று அவள் அத்தை கேட்க, “யாரும் வேண்டாம். நானே நடந்து வந்துக்கிடுதேன்” என்றாள். அழவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

நேராக இங்கே வந்தேன். நடுத்திரையின் வயரை உருவிவிட்டேன்.

நாலு மணி. மேற்படி தொடர்ச்சி.

உருவிய வயர் கையில் இருக்கும்போதே மாகாளிக்குப் போன் போட்டேன். முதல் மணி அடித்து முடிவதற்குள் எடுத்துவிட்டான்.

“மாகாளி. நடுவுல ஒரு திரை எரியல. வா” என்றேன்.

ஆறு வருடத்துக்கு அப்புறம் அவனிடம் நான் பேசிய முதல் பேச்சு இது. ‘வா’ என்று சொல்லிவிட்டேன். கணக்குத் தீர்ந்தது என்று நினைத்தேன்.

“அத்தான்” என்றான். “திரைக்குன்னா பேச்சியக்காட்ட சொல்லி விடுங்க. கல்யாணத்துக்குன்னா நீங்க சொல்லுங்க.”

சந்துக்குள் புழுக்கம் தாங்கவில்லை. தூண் எதுவும் இல்லை.

“கல்யாணத்துக்குத்தான்யா” என்றேன். “திரை நல்லாத்தான் இருக்கு. வயர நாந்தான் உருவுனேன். அன்னைக்குக் கயித்த வெட்டுனதும் நாந்தான். ஒனக்குத் தெரியும். தெரிஞ்சும் நீ சொல்லல. சங்கரிக்கு ஒன்ன விட்டா யாரு இருக்கா? வா மாகாளி.”

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அவனுடையதா என்னுடையதா என்று சொல்லத் தெரியவில்லை. எங்கே இருக்கிறாய், கோவில்பட்டி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.

“எதுத்தாப்புல டீக்கடையிலதான் இருக்கேன். காலைல பத்து மணிக்கே வந்துட்டேன். ஏழு டீ குடிச்சாச்சு அத்தான், இனிமே கடைக்காரரு தர மாட்டேங்காரு” என்றான்.

ஆவணி 14, சனி

நேற்று எழுத முடியவில்லை. கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. ஒரு விஷயம் மட்டும் எழுதவேண்டும்.

உருவிய வயரைத் திரும்பச் சொருக மறந்துவிட்டேன். மாகாளி வந்த கலகலப்பில் அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. முகூர்த்தத்துக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது திரையைப் போட்டால் எட்டு எரிகிறது, நடுவில் கறுப்பு. மணவறையை நேரடியாகக் காட்டுகிறார்கள், மாப்பிள்ளைக்குத் தலையே இல்லை. முதலாளி, “மாகாளி எங்கவே, கூப்பிடும்” என்று பதறினார்.

மாகாளி மண்டபத்தின் அந்தக் கோடியில், மணமகள் அறை வாசலில் நின்றான். பட்டுவேட்டி, கழுத்தில் மாலை, கையில் சங்கரியின் கை. நாதஸ்வரக்காரர் அவர்களுக்கு முன்னால் தயாராக நின்றார்.

“அவன் இன்னைக்குத் தாய்மாமன் முதலாளி. வயர்க்காரன் இல்ல. நான் போறேன்” என்றேன்.

அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு சந்துக்குள் நுழைந்தேன். முந்தின நாள் மத்தியானம் நின்றபடி எழுதிய இடம்தான், ஆனால் பட்டுவேட்டி சட்டத்தின் திருகுகளில் மாட்டியதால் நடக்க முடியவில்லை. தவழ்ந்துதான் போனேன். வெளியே நாதஸ்வரம் ஆரம்பித்துவிட்டது. அவன் அவளைக் கூட்டிவருவதைப் பார்க்கத்தான் இத்தனை பாடும், அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று அந்த இருட்டில் நினைத்தேன். ஆனாலும் அவன் கை அவள் கையில் இருக்கிறது, அது போதும் என்றும் நினைத்தேன். வயரைத் தடவிப் பிடித்துச் சொருகினேன்.

சந்தில் திரும்ப இடமில்லாததால் பின்பக்கமாகவே தவழ்ந்தேன். பாதி வெளியே வருவதற்குள் மண்டபம் முழுக்க ஒரே சிரிப்பு. எனக்குப் புரியவில்லை. முழுவதும் வெளியே வந்தேன். எழுந்து பார்த்தால் ஒன்பது திரைகளிலும் நான். வீடியோக்காரர் என் பின்பக்கம் முதலில் வெளிவந்ததிலிருந்து மொத்தத்தையும் போட்டிருக்கிறார்.

நாதஸ்வரம் நின்றிருந்தது. வாசலில் அவர்கள் ஓரடிகூட நகரவில்லை. நேரமாகிறது என்று ஐயர் சத்தம் போடுகிறார், மாப்பிள்ளையின் பெரியப்பா கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். “அத்தான் பாக்காம நான் நடக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டானாம் மாகாளி. ஆவுடை அவனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தாள்.

வேட்டியெல்லாம் ஒட்டடை. தட்டிக்கொண்டே நின்றேன். அத்தனை ஜனத்துக்கு அந்தப் பக்கமிருந்து அவன் குரல் கொடுத்தான். நடுவில் பேச்சியம்மாள் இல்லை, தூண் இல்லை.

“வாங்க அத்தான். வந்து முன்னால நில்லுங்க.”

போனேன். பாதி வழியிலேயே அழுதுவிட்டேன். திரையில் ரொம்பத் தெளிவாகத் தெரிந்ததாம்.